சம்பந்தி வீட்டு மாதாவுக்குப் பொன் வைத்தது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மனுசன் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். ஓம், உண்மைதான். அதை நான் ஒரு குறையாக நினைத்ததும் கிடையாது. ஆனால் என்னைப் போலவே இன்னொருத்தி மெல்பேர்னில், அதுவும் கிரெய்கிபர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில், தோமஸ்டவுனில் இருக்கிறார் என்றோ, அவர் எனக்குச் சம்பந்தியாக வந்து வாய்ப்பார் என்றோ நான் கனவிலும் நினைக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். கூட வேலை செய்த கிரேக்கப் பெடியன் ஒருவனை விரும்பிவிட்டாள். நல்ல பிள்ளை. வந்த முதல் நாளே சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தான், எனக்கு அப்போதே பிடித்துப் போயிற்று. தகப்பன் இல்லை. தாய் மட்டும். அந்தத் தாயோடுதான் எனக்கு ஆகாமல் போனது.

முதல் சண்டை கோயிலால் வந்தது. அவர்களுடைய கோயிலில் கலியாணம் செய்வதென்றால் என் மகள் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். மகள் மாட்டேன் என்றாள். சம்பந்தி என்னைப் பார்த்து, "நீதான் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தனீ" என்றார். நான் சும்மா இருப்பேனா? நல்லாகத் திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு கலியாண ஹோலில் எங்கள் முறைப்படி தாலி கட்டுவது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அதற்குச் சம்பந்தி ஒன்றே ஒன்று கேட்டார். அவர்கள் வழக்கத்தில் தாய் ஒரு ஐகோனாவைப் பிள்ளைகளின் புது வீட்டுக்குக் கொடுப்பாராம். ஐகோனா என்றால் பலகையில் முட்டைக் கருவால் நிறம் தீட்டி, ரேக்கு என்கிற மெல்லிய தங்கத்தாள் வைத்துச் செய்கிற சாமிப்படம். அதை அவரே தன் கையால் செய்வார். அது மணவறையில் இருக்க வேண்டும். மணவறையில் பிள்ளையாரும் கும்பமும் இருக்கிற இடத்தில் மாதா எங்கே வந்து இருப்பது என்று நான் கேட்டேன். அது இரண்டாவது சண்டை.

அதற்குப் பிறகுதான் மகள் வீடியோவில் வந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள்.

"அம்மா, இன்னும் ஒரு சண்டை. ஒண்டே ஒண்டு. அதோட ஹோல், ஐயர், சாப்பாடு எல்லாம் கான்சல். நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச ஒரு பார்க்கில கலியாணம் எழுதிப்போட்டு உங்களுக்குப் படம் அனுப்புவம். அவன்ர அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னனாங்கள்."

சும்மா வெருட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் என் கலியாணம் நினைவுக்கு வந்தது. என் கலியாணத்துக்கு என் அம்மா வரவில்லை. ஊரில் போரால் பாதை மூடிக் கிடந்த காலம். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். யாரோ ஒரு அன்ரி எனக்குச் சேலை உடுத்திவிட்டார். அம்மா அந்தப் படங்களைப் பார்த்ததே பல மாதம் கழித்துத்தான். படம் பார்த்த தாயின் கதை எங்கள் வீட்டில் ஒருமுறை நடந்தது போதும். ஆகவே நான் இறங்கி வந்தேன். மணவறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு, பட்டு விரித்து, மாதாவை அதில் வைக்கலாம் என்று சொன்னேன். சம்பந்தியும் முகத்தைத் திருப்பிக்கொண்டே சம்மதித்தார்.

அதற்குள் அவர் கையை உடைத்துக்கொண்டார். கிரேக்க மனுசிகளுக்குச் சீமெந்து முற்றத்தைக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவாவிட்டால் பொழுது விடியாது. கழுவிய ஈரத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு போய்விட்டது. பலகை பாதியில் நிற்கிறது. வெள்ளைச் சுண்ணம் பூசி, மாதாவும் குழந்தையும் கோடாகக் கீறி முடிந்திருக்கிறது. இனிப் பொன் வைக்க வேண்டும். இந்த வேலையில் பொன்தான் முதல், நிறம் பிறகு. இப்போது யாராவது பொன்னை வைத்துவிட்டால், பிளாஸ்டர் கழற்றிய பிறகு நிறத்தை அவரே தீட்டிவிடலாம், கலியாணத்துக்கு நாள் இருக்கிறது. வைக்காவிட்டால் இல்லை.

அவரோடு சேர்ந்து படம் தீட்டும் பெண்கள் அவருடைய கோயிலில் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்க அவர் தயாரில்லை. மகன் கோயிலில் கலியாணம் செய்யவில்லை என்ற நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாராம். இது எனக்கு மகள் சொல்லித்தான் தெரியும். அதைக் கேட்டபோது முதல்முறையாக அந்த மனுசியை நினைக்க எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

"அம்மா, உங்கட கை நடுங்காது. நீங்கள் போய்ச் செய்து குடுங்கோவன்" என்றாள் மகள்.

நான் செய்வது மின்கருவித் தொழிற்சாலையில் வேலை. எறும்புத் தலையளவு பாகங்களை இடுக்கியால் எடுத்துத் தகட்டில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். கை நடுங்கினால் சோறு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும், ஆகையால் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு தோமஸ்டவுனுக்குப் போனேன்.

சம்பந்தியின் இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒரே தரம். இரண்டும் நொண்டி. அதை அப்படியே எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும், ஆகையால் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

குசினி மேசையில் எல்லாம் பரப்பி வைத்திருந்தார். மூலையில் ஒரு தட்டில் மாதா, புனிதர்கள், முன்னால் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒலிவ் எண்ணெய் விளக்கு. எங்கள் சாமித் தட்டு மாதிரியே இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவு சினேகம் இன்னும் வரவில்லை.

"முட்டை உடை" என்றார். பொன்னுக்குக் கீழே பூசும் சிவப்புக் களிமண்ணைக் குழைக்க முட்டை வெள்ளை வேண்டுமாம்.

"இண்டைக்கு வெள்ளி. நான் முட்டை தொடமாட்டன்."

அவருடைய முகம் மாறிவிட்டது. "உன்னைச் சாப்பிடச் சொல்லேல்ல."

"தொடவும் மாட்டன்."

"நானும் வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிடுறேல்ல" என்றார் அவர், விடுகிற பாடில்லாமல். "புதன்கிழமையும் இல்லை. இறைச்சி இல்லை. பால் இல்லை."

"பாலுமோ?"

"பாலும்தான்."

நான் அவரைப் பார்த்தேன். எங்கள் விரதத்தில் பால் குடிக்கலாம். அந்த ஒரு விஷயத்தில் மனுசி என்னை வென்றுவிட்டார். கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் இடக் கையால் முட்டையைத் தட்டி உடைத்தார், கோது பாதி உள்ளே விழுந்தது, கரண்டியால் நான் பொறுக்கி எடுத்தேன். தொட்டது கரண்டிதானே.

முட்டை வெள்ளையும் மீன் பசையும் ஒரு சொட்டுத் தேனும் சேர்த்து அந்தச் சிவப்பு மண்ணைக் குழைத்தோம். மாதாவின் தலையைச் சுற்றி இருக்கிற வட்டத்திலும் பின்புறத்திலும் தூரிகையால் பூசி, காயவிட்டு, மேலே பூசி, காயவிட்டு, துணியால் தேய்த்து மினுக்கினேன். பிறகு ஒரு துண்டுப் பலகையில் சம்பந்தி பொன் வைத்துக் காட்டினார். மண்ணுக்கு மிகக் கிட்டே குனிந்து, வாயை அகலத் திறந்து, மூக்குக்கண்ணாடி துடைக்க ஆவி விடுவது போல 'ஹா' என்று சூடான மூச்சு விட்டார். உடனே ரேக்கை வைத்தார். பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மெருகுக்கல்லால் தேய்த்தார், கண் கூசியது.

"விளங்கினதோ?"

"ஓம்" என்றேன். விளங்கத்தான் செய்தது. அந்த மண் மூச்சின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகி ஒட்டுகிறது. இதில் விளங்க என்ன இருக்கிறது?

அடுத்த நாள் சனிக்கிழமை. நான் போய் இறங்கியபோது சம்பந்தியின் விரல்கள் வாழைப்பழம் மாதிரி வீங்கியிருந்தன. பிளாஸ்டர் இறுக்கிவிட்டது. என்னைக் கொண்டுவந்து விட்ட மனுசனே அவரை ஏற்றிக்கொண்டு டொக்டரிடம் போனார். போகும்போது சம்பந்தி, "நீ தொடங்கு. நேரம் போக்காதே" என்று கட்டளை போட்டுவிட்டுத்தான் போனார்.

வீட்டில் நானும் பலகையும். மாதாவுக்கு இன்னும் கண் இல்லை, முகத்தில் நிறம் இல்லை, வெறும் கோடு. ஆனாலும் குழந்தை தாயின் கன்னத்தோடு கன்னம் வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் உயிர் உள்ளது போலத்தான் இருந்தது. நான் மாதாவை அறியாதவள் இல்லை. சைவமாய் இருந்தும் எங்கள் நாட்டு மடு மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன், எங்கள் பக்கத்தில் போகாதவர்கள் யார்? அந்த முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து வாயைத் திறந்தேன். மூச்சு வரவில்லை. என்னால் ஏலவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்து முருகன் கோயிலில் பூசை செய்கிறவர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். மந்திரம்கூட வாய்விட்டு இல்லை. மனிதர் மூச்சு, எச்சில் ஒன்றும் சாமியில் பட்டுவிடக் கூடாது. படையலுக்குச் சமைக்கிறபோது என் அம்மா உப்புப் பார்க்க மாட்டார், மணந்துகூடப் பார்க்க மாட்டார். சாமிப்பூவை நான் மணந்ததற்குச் சின்ன வயதில் கையில் அடி வாங்கியிருக்கிறேன். இதெல்லாம் யோசித்துச் செய்வது இல்லை, உடம்பிலேயே ஊறிப்போனது. அப்படிப்பட்டவள் மாதாவின் தலையில் வாயைத் திறந்து 'ஹா' என்று விடுவதா? அதுவும் காலையில் உள்ளிப்பூண்டுச் சம்பலோடு புட்டுச் சாப்பிட்டுவிட்டு?

என் சால்வையை எடுத்து வாயையும் மூக்கையும் சேர்த்து இறுகக் கட்டினேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, மெல்லிய துணியை அந்த ஆவியில் பிடித்து, துணியை மண்ணுக்கு மேலாகக் கொண்டுபோனேன். சூடும் ஈரமும்தானே வேண்டும், அது யாருடைய வாயிலிருந்து வந்தால் என்ன என்று என் கெட்டித்தனம். ரேக்கை வைத்தேன். ஒட்டியது. அடுத்ததும் ஒட்டியது. வட்டம் முழுக்க வைத்து முடித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சம்பந்தி வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தார். முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"உனக்குக் காய்ச்சலோ?"

"இல்லை."

"பிறகென்ன துணி?"

அதற்கு நான் பதில் சொல்ல முன்னமே அவர் பலகையைப் பார்த்துவிட்டார். கண்ணில் சந்தோசம் வந்தது, அதை நான் கண்டேன். மெருகுக்கல்லை இடக் கையில் எடுத்து மெல்ல ஒருமுறை இழுத்தார். பொன் கல்லோடு சேர்ந்து கழன்றது. இன்னொரு இடத்தில் இழுத்தார். அங்கேயும் சுருண்டு செதிலாய் வந்தது, கீழே சிவப்பு மண் தெரிந்தது. கேத்தில் ஆவியின் ஈரம் கூடிப்போயிருந்தது, வட்டம் முழுக்கத் தோல் உரிந்தது போல் ஆகிவிட்டது.

சம்பந்தி கல்லைக் கீழே வைத்தார். "நீ மூச்சு விடேல்ல."

நான் ஒரு செதிலைப் பொறுக்கித் திரும்ப மண்ணில் அழுத்திப் பார்த்தேன்.

"நான் காட்டினனான். நீ விளங்கினது எண்டனீ. வாயைக் கட்டி வச்சிருக்கிறாய். என்ர மாதாவில இருந்து உனக்கு வருத்தம் தொத்தும் எண்டு பயமோ? என்ர சாமி உனக்கு அவ்வளவு அழுக்கோ?"

"அப்பிடி இல்லை—"

"பக்கத்தில மேசை போட்டு வைக்கச் சொன்னனீ. மணவறையில வைக்க விடேல்ல. இப்ப வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாய்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழை என்னில்தான், அது தெரியும், ஆனால் நான் செய்த மரியாதையை அவமரியாதை என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னால் எப்படிப் பொறுப்பது? நானும் குரலை உயர்த்தினேன். என்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. பால் குடிக்காமல் விரதம் இருந்தால் மட்டும் காணாது என்று ஏதோ சொன்னேன், அது தேவையில்லாத கதை. அவர் கிரேக்கத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன், இருவருக்கும் நன்றாக விளங்கியது. பிறகு அவர் முற்றத்துக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் மனுசன் கதிரையின் விளிம்பில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும், நான் காருக்குள்ள இருக்கிறன்" என்றார்.

எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். அவர் காருக்குள் போனது மகளுக்குப் போன் எடுக்கத்தான். மகள் அன்றைக்குப் பின்னேரம் சட்டை அளவு பார்க்க என்று சிட்னியிலிருந்து வருவதாக இருந்தாள், விமானநிலையத்தில் நின்ற பிள்ளையிடம் இவர், "அம்மாவும் மாமியும் திரும்பத் தொடங்கிட்டினம்" என்று ஒப்பித்துவிட்டார். இதைப் பிறகுதான் அறிந்தேன்.

குசினியில் நான் மட்டும். மகள் சொன்ன 'ஒண்டே ஒண்டு' நினைவுக்கு வந்தது. இதுதான் அந்த ஒன்று. கோபம் போன இடம் தெரியவில்லை, பயம் மட்டும் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போனேன்.

சம்பந்தி எலுமிச்சம்பழம் தொங்கிய தேசிமரத்துக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அழுதுகொண்டிருந்தார் என்று தோள் சொன்னது.

"இஞ்ச பாருங்கோ" என்றேன். திரும்பவில்லை. இங்கிலீசில் இதை எப்படி விளங்கப்படுத்துவது? துடக்கு, தீட்டு, எச்சில், இதற்கெல்லாம் நான் எங்கே போய் இங்கிலீசு தேடுவது? வேறு வழி தெரியவில்லை. சால்வையைத் திரும்ப வாயில் கட்டினேன். முற்றத்தில் கிடந்த பூச்சாடித் தட்டு ஒன்றை எடுத்து, அதைத் தீபத் தட்டாக நினைத்துக்கொண்டு, தேசிமரத்துக்கு முன்னால் நின்று மூன்று முறை சுற்றினேன். உதிர்ந்த இலையைப் பொறுக்கி மரத்தின் அடியில் போட்டேன். பிறகு விழுந்து கும்பிட்டேன். கழுவின முற்றம்தானே, ஈரம்தான் கொஞ்சம்.

எழும்பியபோது சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கட கோயில்" என்றேன், துணிக்குள்ளால். பிறகு அவிழ்த்தேன். "பூசை செய்யிறவர் இப்பிடித்தான். சாமி அழுக்கு எண்டு இல்லை. என்ர வாய்தான் அழுக்கு. உங்கட மாதாவுக்குக் கிட்ட வாயைத் திறக்க எனக்குத்தான் பயம்."

சம்பந்தி திரும்பி மரத்தைப் பார்த்தார். பிறகு, "தேசிமரத்துக்குமோ?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடியது. பிளாஸ்டர் கையால் துடைக்கப் பார்த்து மூக்கில் இடித்துக்கொண்டார்.

உள்ளே வந்தோம். உரிந்த பொன்னைத் தூரிகையால் தட்டி எடுத்தேன். மண்ணைத் திரும்ப மினுக்கினேன். சம்பந்தி பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார்.

"கேள்" என்றார். "கடவுள் மனிசனை மண்ணில செய்தார். மண் சும்மா படுத்துக் கிடந்தது. கடவுள் கிட்டப் போய் மூச்சு விட்டார். அப்பதான் மனிசன் எழும்பினான். இதுவும் மண்தான். நீ மூச்சு விடாட்டி இது எப்பிடி எழும்பும்? எங்களுக்கு இதுதான் மரியாதை."

"நான் உள்ளிச் சம்பல் சாப்பிட்டிட்டு வந்தனான்."

"நான் பொன் வச்ச புனிதர் எல்லாருக்கும் உள்ளி மணம் பழக்கம்" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

ரேக்குப் புத்தகத்தில் மிச்சம் இருந்தது மட்டுமட்டாய்த்தான் இருந்தது. இந்த முறை பிழைத்தால் வேறு இல்லை. மனதுக்குள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன், முருகனிடமும் ஒரு சொல் சொல்லி வைத்தேன். குனிந்தேன். வாயை அகலத் திறந்து, நெஞ்சின் அடியிலிருந்து 'ஹா' என்று விட்டேன். மண் ஒரு கணம் மங்கியது. ரேக்கைக் கொண்டுபோனேன். வைக்க முன்னமே அது என் தூரிகையை விட்டுத் தாவிப் போய் மண்ணைப் பிடித்துக்கொண்டது. நான் பயந்துபோய்க் கையை இழுத்துவிட்டேன்.

"நல்லது" என்றார் சம்பந்தி. "இன்னும்."

மூச்சு, ரேக்கு, மூச்சு, ரேக்கு. தலை சுற்றுகிற அளவுக்கு மூச்சு விட்டேன். சில இடத்தில் சம்பந்தியும் தலையை உள்ளே விட்டுத் தன் மூச்சைக் கொடுத்தார், இருவர் தலையும் முட்டிக்கொண்டது. அவருடைய வாயிலும் உள்ளி மணந்தது. பொறுத்திருந்து, கல்லை எடுத்து அவரே இழுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். செதில் வரவில்லை. திரும்ப இழுத்தார். கண்ணைத் திறந்தபோது மாதாவின் தலையைச் சுற்றி வட்டம் பளிச்சென்று நின்றது, அதில் குசினி விளக்கும் எங்கள் இரண்டு பேருடைய முகமும் கலங்கலாய்த் தெரிந்தன. நான் விட்ட பெருமூச்சில் மேசையில் கிடந்த பொன் துணுக்கெல்லாம் பறந்தன.

"இப்ப விடாதே" என்று சம்பந்தி அதட்டினார். அந்த அதட்டல்கூட எனக்குச் சுகமாக இருந்தது.

அதோடு நின்றிருக்கலாம். சம்பந்திக்கு ஆசை மூண்டுவிட்டது. முகத்துக்கு அடிநிறம் மட்டும் இன்றைக்கே வைத்துவிடலாம், அது கடும் பச்சையாய் ஒரே சீராக நிரப்புகிற வேலைதான், பிளாஸ்டர் கழற்றிய பிறகு அதற்கு மேல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவரே ஏற்றிவிடுவார் என்றார். அன்று சனிக்கிழமை, முட்டையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முட்டைக் கருவை எடுக்கிற விதம் எனக்குப் புதிது. வெள்ளையை வடித்துவிட்டு, கருவை உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையைத் துடைத்து, அந்தக் கைக்கு உருட்டி, இந்தக் கையைத் துடைத்து, இங்கே உருட்டி, ஈரம் முழுக்கப் போகும்வரை செய்ய வேண்டும். பிறகு அதன் தோலை இரண்டு விரலால் தூக்கி, கீழே குத்தி, உள்ளே இருப்பதைக் கிண்ணத்தில் ஒழுகவிட்டு, தோலை எறிந்துவிட வேண்டும். அதில்தான் நிறப்பொடியைக் குழைப்பது. இதெல்லாம் ஒரு கையால் நடக்காது. ஆகையால் கரு என் கையில், கட்டளை சம்பந்தியின் வாயில்.

"மெல்ல. அமத்தாதே. பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடி."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் முதலாவதை உடைச்சனீ?"

அந்த நேரம்தான் முன்கதவு திறந்தது. உருளைப்பெட்டியை இழுத்துக்கொண்டு மகள் குசினி வாசலில் வந்து நின்றாள். பின்னால் என் மனுசன், குற்றவாளி மாதிரி. மகளின் முகம் கல்லாக இருந்தது. வாயைத் திறந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"ஷ்ஷ்" என்றார் சம்பந்தி அவளிடம். "முட்டை."

மகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பளபளவென்று நின்ற மாதாவைப் பார்த்தாள். "சண்டை எண்டு அப்பா சொன்னவர்" என்றாள்.

"ஓம், பிடிச்சனாங்கள். முடிஞ்சுது" என்றேன், கருவை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டே. "நான் தேசிமரத்துக்குப் பூசை செய்தனான். மாமியிட்டக் கேள்."

மகள் பெட்டியை விட்டுவிட்டு அப்படியே வாசல் நிலையில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள். முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் பயந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் போனை எடுத்து யாரையோ அழைத்தாள். இங்கிலீசில், அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு நீங்கள் வரத் தேவையில்லை, மன்னிக்க வேண்டும், இல்லை, பின்போடவில்லை, கலியாணம் மெல்பேர்னில் நடக்கும், எங்கள் அம்மாமார் செய்துவைப்பார்கள் என்று சொன்னாள்.

"யார் பிள்ளை அது?" என்றேன்.

"கலியாணம் பதியிற லேடி." அவள் கண்ணைத் துடைத்தாள். "அடுத்த சனிக்கிழமைக்குச் சொல்லி வச்சிருந்தனாங்கள் அம்மா. பரமட்டா ஆத்தங்கரைப் பார்க்கில. ரெண்டு சாட்சி மட்டும். மணவறைச் சண்டை வந்த கிழமையே, திரும்பச் சண்டை வந்தால் எண்டு பதிஞ்சு வச்சிட்டம். சேலையும் எடுத்து வச்சிட்டன். இண்டைக்குச் சட்டை அளவுக்கெண்டுதான் வெளிக்கிட்டனான், அப்பா போன் எடுத்த பிறகு அதுக்கு இல்லை. உங்களிட்டச் சொல்லத்தான் வந்தனான்."

சம்பந்திக்குத் தமிழ் விளங்காது. ஆனால் சனிக்கிழமை என்று இங்கிலீசில் சொன்னது அவருக்கும் கேட்டிருந்தது. அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

வெருட்டு என்று நினைத்திருந்தேனே. இன்னும் ஒரு கிழமை. நான் இந்தக் குசினிக்கு வராமல் விட்டிருந்தால், அல்லது முற்றத்துக் கதவைத் திறக்காமல் கோபித்துக்கொண்டு காரில் ஏறிப் போயிருந்தால், அடுத்த சனிக்கிழமை போனில் ஒரு படம் வந்திருக்கும். என் பிள்ளை சேலை உடுத்து ஆற்றங்கரையில் நின்றிருப்பாள், யாரோ ஒருத்தி அந்தச் சேலைக்குக் கொய்யகம் மடித்துப் பிடித்துவிட்டிருப்பாள். கை நடுங்கத் தொடங்கியது. வேலையில் ஒரு நாளும் நடுங்காத கை, உள்ளங்கையில் கரு ஆடியது.

சம்பந்தி தன் இடக் கையை என் கைக்குக் கீழே கொடுத்துத் தாங்கினார். "விடாதே, விடாதே" என்றார்.

நான் அழுதேன். ஒரு வெட்கமும் இல்லாமல், மூக்கால் வடிய வடிய அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். மூக்கைத் துடைக்க எனக்குக் கை இல்லை, இரண்டு கையிலும் முட்டை. மகள் எழும்பி வந்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல என் தாடையைப் பிடித்து, தன் சட்டைக் கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.